ஏழு வருடமும் ஒரு குளியலறையும்

கொழும்புக் கோட்டையில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தின் சம்பளப் பகுதியில் இருபத்தொன்பது வருடம் வேலை பார்த்தேன். மாதா மாதம் சம்பளம் போடுவது ஒரு வேலை. யாராவது வேலையை விட்டுப் போகும்போது அவருக்குச் சேரவேண்டியதைக் கணக்குப் பார்த்துக் கொடுப்பது இன்னொரு வேலை. ஒரு வருடச் சேவைக்கு அரை மாதச் சம்பளம் என்று பணிக்கொடை, எடுக்காமல் விட்ட லீவுகளுக்கு இவ்வளவு, வாங்கிய கடனில் கழிக்கவேண்டியது இவ்வளவு. கடைசித் தாளில் கையெழுத்துப் போட்டபிறகு அநேகமாக எல்லோரும் பேனாவைத் திருப்பித் தராமல் கொஞ்சநேரம் நிற்பார்கள். பிறகு, போதுமா என்ற ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். "இது காணுமோ?" நானும் ஒரே பதிலைத்தான் சொல்வேன். "தாராளமாக் காணும்." அவருடைய வீட்டில் எத்தனை பேர், என்ன செலவு, ஒன்றும் எனக்குத் தெரியாது. ஆனாலும் சொல்வேன். அவர்களும் நம்பிக்கொண்டு போவார்கள்.

ஐம்பத்து மூன்று வயதில் அந்தக் கேள்வி எனக்கே வந்தது. எனக்கு நோயில்லை, நொடியில்லை. ஆசைதான். வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்குப் போகும் காலை ரயில் கடலை ஒட்டியே ஓடும். கதவருகில் தொங்கிக்கொண்டு போகும் எனக்குத் தினமும் கருங்கற்களில் உட்கார்ந்திருக்கும் நாலைந்து மனிதர்கள் தெரிவார்கள். வேலை நாளில், காலை எட்டு மணிக்கு, அவசரமே இல்லாமல் கடலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எனக்கு அவர்கள்மேல் பொறாமையாக இருந்தது. போதாக்குறைக்கு அலுவலகத்தில் புது மேலதிகாரி ஒருவர் வந்திருந்தார். என் மகளைவிட இரண்டு வயது கூடவாக இருக்கலாம். எதைக் கேட்டாலும் 'அர்ஜன்ட்' என்பார். நான் அர்ஜன்டாகக் கொடுத்ததை மேசையில் நாலு நாள் வைத்திருப்பார். அந்த நாலு நாளும் அதைப் பார்த்துப் பார்த்து என் இரத்தம் கொதிக்கும்.

அறுபது வரை அங்கே இருக்கலாம். அதற்கு முதல் போவதென்றால் எவ்வளவு இருந்தால் போதும் என்பதுதான் பிரச்சினை. ஊழியர் சேமலாப நிதி ஆண்களுக்கு ஐம்பத்தைந்தில்தான் கைக்கு வரும். அதுவரைக்கும் பணிக்கொடையும் வங்கியில் போட்டிருந்த வைப்புகளின் வட்டியும்தான். நாடு தலைகீழாகக் கிடந்து, பெற்றோலுக்கும் காஸுக்கும் வரிசையில் நின்ற நாட்களில் வட்டி வீதம் கண்டபாட்டுக்கு ஏறியது. அப்போது நான் தலைகால் புரியாமல் ராஜினாமாக் கடிதத்தைக்கூட மனதில் எழுதிவிட்டேன். வட்டி இறங்கியதும் கடிதமும் இறங்கிவிட்டது. ஆகவே இந்தமுறை வட்டியை நம்புவதில்லை, வீட்டுச் செலவிலிருந்து தொடங்குவது என்று முடிவெடுத்தேன். ஒரு சி.ஆர். கொப்பி வாங்கி, மூன்று மாதத்துக்கு ஒவ்வொரு செலவையும் எழுதத் தொடங்கினேன்.

மனைவி அந்தக் கொப்பியைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு வசனம் சொன்னாள்.

"எழுதுறதெண்டால் எல்லாத்தையும் எழுதுங்கோ."

கீரைக்கட்டையும் தேசிக்காயையும் சொல்கிறாள் என்று நினைத்தேன். அவற்றையும் எழுதினேன்.

மூன்று மாதம் முடிய ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பகுதி பகுதியாகப் பிரித்துக் கூட்டினேன். மின்சாரம், தண்ணீர், மருந்து, மீன், மரக்கறி எல்லாம் நான் நினைத்த அளவில்தான் இருந்தன. ஒரு பகுதி மட்டும் கண்ணைக் குத்தியது. அதற்கு 'வருகிறவர்கள்' என்று தலைப்புப் போட்டிருந்தேன்.

வெள்ளவத்தையில் வீடு வைத்திருக்கிற யாழ்ப்பாணத்துக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வடக்கிலிருந்து இரவில் புறப்படும் பஸ்கள் விடியற்காலையில் காலி வீதி என்ற பெருந்தெருவில், எங்கள் ஒழுங்கை முகப்பில் ஆட்களை இறக்கிவிடும். பாஸ்போட் எடுக்க வருபவர், தூதரகத்துக்கு வருபவர், ஆஸ்பத்திரிக்கு வருபவர், கலியாணச் சேலை எடுக்க வருபவர், வெளிநாட்டிலிருந்து இறங்கி ஊருக்குப் போக வழியில் இரண்டு நாள் தங்குபவர், திரும்பப் போகும்போது மறுபடி இரண்டு நாள் தங்குபவர். எங்களுக்கு மூன்றாம் மாடியில் இரண்டு அறை வீடு. ஒரே மகள் மெல்பனுக்குப் போனபிறகு அவளுடைய அறை பத்து நாள் சேர்ந்தாற்போல் காலியாக இருந்ததாக ஞாபகமில்லை. எங்கள் கொடியில் காயும் துவாய்களைப் பார்த்துப் பக்கத்து வீட்டு அம்மா, நாங்கள் விடுதி நடத்துகிறோமா என்று ஒருமுறை கேட்டார்.

நான் இரண்டு விதமாகக் கணக்குப் பார்த்தேன். வருகிறவர்கள் இல்லாமல் நாங்கள் இருவர் மட்டும் என்றால் கையில் இருப்பது போதும், அடுத்த மாதமே போகலாம். வருகிறவர்களோடு என்றால் அறுபது வரை வேலை செய்யவேண்டும். விமான நிலையத்து வான் வாடகை, ஆஸ்பத்திரி ஓட்டோ, இரண்டு மடங்கு காஸ், மூன்று மடங்கு மீன், பால்மா, சவர்க்காரம் எல்லாம் சேர்ந்து என் வாழ்க்கையில் ஏழு வருடத்தை விழுங்குகின்றன. கொப்பியை மூடிவிட்டு அந்த ஏழு வருடத்தை நினைத்தேன். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நான் கடற்கரையில் உட்காரவேண்டிய ஏழு வருடத்தை இவர்கள் எங்கள் மேசையில் இருந்து புட்டோடு குழைத்துச் சாப்பிடுகிறார்கள் என்றுதான் அன்று எனக்குத் தோன்றியது. அப்படி நினைத்த மனிதன் நான்தான் என்பதை மறைத்துவிட்டு இதை எழுதுவதில் அர்த்தமில்லை.

அன்று பின்னேரமே ஒரு தொலைபேசி வந்தது. தூரத்து உறவில் ஒருவர், தூதரகத்தில் நேர்முகம், மூன்று நாள் தங்க வரலாமா என்றார். வராதேங்கோ என்று எங்கள் ஆட்களிடம் நேராகச் சொல்ல முடியாது. சொன்னவன் பெயர் மூன்று தலைமுறைக்கு நிற்கும். என் வாயிலிருந்து இது வந்தது:

"வரலாம்தான். ஆனால் பாத்ரூம் உடைச்சுக் கிடக்கு. டைல் போடுறம். நாங்களே பக்கத்து வீட்டிலதான் குளிக்கிறம்."

போனை வைத்தபிறகு மனைவி இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள்.

"பக்கத்து வீட்டிலயோ குளிக்கிறம்? அந்த மனுசிக்குத் தெரிஞ்சால் என்ன நினைக்கும்?"

"மூண்டு மாசத்துக்குத்தான். கணக்கு எப்பிடி வருதெண்டு பாப்பம். நீர் ஒண்டும் சொல்லவேண்டாம், நான் சமாளிக்கிறன்."

"நான் ஒண்டும் சொல்லேல்லை," என்றாள். சமையலறைக்குள் போய்ச் சட்டிகளைக் கொஞ்சம் பலமாக வைத்தாள்.

எங்கள் குளியலறை உடைந்த செய்தி ஒரு கிழமைக்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. பிறகு கடல் தாண்டியும் போனது. இரண்டு மாதமாக யாரும் வரவில்லை. ஆனால் போனில் ஆலோசனைகள் வந்தன. வழுக்காத டைலாகப் பார்த்துப் போடு என்று டொரொன்டோவிலிருந்து ஒரு மாமா சொன்னார். கடும் நிறம் போட்டால் உப்புக்கறை தெரியும், மெல்லிய சாம்பல் நிறம் போடு என்று வவுனியாவிலிருந்து ஒரு சித்தி சொன்னார். வேலைக்கு வருகிற மேசன் பாஸுக்கு முற்பணம் கூடக் கொடுத்துவிடாதே, பாதியில் விட்டுப் போய்விடுவான் என்று இன்னொருவர் எச்சரித்தார். இல்லாத டைல் பாஸைப்பற்றி நான் அவரோடு அரைமணி நேரம் கதைத்தேன். பொய் சொல்வது இவ்வளவு உழைப்பு என்று எனக்கு அதுவரை தெரியாது.

முதல் மாதம் கூட்டிப் பார்த்தபோது செலவு அழகாக இறங்கியிருந்தது. காஸ் மிச்சம், மீன் மிச்சம், ஓட்டோ அறவே இல்லை. அலுவலகக் கணினியில் ராஜினாமாக் கடிதத்தைத் தட்டி, அச்செடுத்து, மடித்து, மேசை லாச்சிக்குள் வைத்தேன். புது மேலதிகாரி 'அர்ஜன்ட்' என்று வந்தபோது அன்றுதான் முதல் தடவையாக அவரைப் பார்த்துச் சிரித்தேன்.

இரண்டாம் மாதத்தின் நடுவில் மனைவி என் கையில் ஒரு துண்டைத் தந்தாள். அரிசி பத்துக் கிலோ என்று எழுதியிருந்தது.

"ஏன், வீட்டில அரிசி எங்க?"

"முடிஞ்சுது."

"எப்பிடி முடியும்?"

"சமைச்சுச் சாப்பிட்டால் முடியும்தானே," என்றாள்.

கடையில் போய் நின்றபோதுதான் எனக்கு அரிசி விலையே தெரியாது என்பது தெரிந்தது. பல வருடமாக நான் அரிசி வாங்கியதில்லை. பரந்தனில் வயல் செய்கிற என் ஒன்றுவிட்ட அக்கா, அதாவது பெரியப்பாவின் மகள், தான் வரும்போதும் கொண்டுவருவார், வருகிற எவரிடமும் கொடுத்தும் விடுவார். சிவப்பரிசி, மொட்டைக்கறுப்பன், சாக்கில் கட்டி, வாயைச் சணல் கயிற்றால் தைத்து வரும். அதற்கு ரசீது கிடையாது. சம்பளப் பகுதியில் இருபத்தேழு வருடம் இருந்தவனுக்கு ரசீது இல்லாதது கண்ணில் படாது. கொப்பியில் நான் வெளியே போனதை மட்டும் எழுதியிருந்தேன். உள்ளே வந்ததை ஒருநாளும் எழுதவில்லை.

பிறகு ஒவ்வொன்றாக முடிந்தது. ஊரிலிருந்து வந்த வறுத்து இடித்த தூள் முடிந்து, கடைப் பைக்கற் தூளில் கறி வேறு யாருடையதோ வீட்டுக் கறிபோல் இருந்தது. நல்லெண்ணெய் முடிந்தது. முருங்கைக்காயை நான் காலி வீதிக் கடையில் விலை கேட்டுவிட்டு, கடைக்காரரின் முகத்தை இன்னொருமுறை பார்த்தேன். வெளிநாட்டு ஆட்கள் விட்டுப்போகும் பற்பசை, நோவெண்ணெய், விற்றமின் குளிசைகள் எல்லாம் தீர்ந்தன. ஒரு சேர்ட்டின் கொலர் நைந்தது. புதிது வாங்கப் போனபோதுதான், என்னிடம் இருந்த சேர்ட் எல்லாம் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் தந்தவை என்பது உறைத்தது. விசிறி நின்றுபோனது. வயரிங் தெரிந்த, மருமகன் முறையான பொடியன் ஒருவன் வரும்போதெல்லாம் எதையாவது கழற்றிப் பூட்டிவிட்டுப் போவான். இப்போது காசு கொடுத்து ஆள் பிடிக்க வேண்டியிருந்தது.

மூன்றாம் மாதம் கூட்டினேன். செலவு பழைய இடத்துக்குக் கிட்டத்தட்டத் திரும்பிவந்திருந்தது. ஏழு வருடம் மிச்சம் பிடிக்கலாம் என்று நினைத்த இடத்தில் ஒன்றரை, இரண்டு வருடம்தான் இருந்தது. எனக்குக் கொப்பியின்மேல் கோபம் வந்தது.

"அப்பவே சொன்னனான்," என்றாள் மனைவி. "எல்லாத்தையும் எழுதுங்கோ எண்டு."

அதோடு அவள் இன்னொன்றும் சொன்னாள். சாப்பிடும்போது நான் இப்போதெல்லாம் ஒரு வார்த்தை கதைப்பதில்லையாம். அது உண்மைதான். முன்பு மேசையில் நாலு பேர் இருப்பார்கள், யாராவது எதையாவது சொல்வார்கள், நான் மறுத்துக் கதைப்பேன். மறுத்துக் கதைக்க ஆளில்லாமல் நான் வெறும் சோற்றை விழுங்கிக்கொண்டிருந்தேன்.

அப்படியிருக்கும்போது ஒரு விடியற்காலை பஸ் கண்டக்டர் போன் எடுத்தார். பரந்தனிலிருந்து ஒரு மூட்டை வந்திருக்கிறது, சந்திக்கு வாருங்கள் என்றார். போய்ப் பார்த்தால் வழக்கமாக வருவதைப் போல் ஒன்றரை மடங்கு. ஓட்டோக்காரரும் நானும் சேர்ந்து பிடித்துத்தான் ஏற்றினோம். வீட்டுக்கு வந்து மூச்சு வாங்கியபடி அக்காவுக்கு அழைத்தேன்.

"என்னக்கா இவ்வளவு? நாங்கள் ரெண்டு பேர்தானே."

"அது தெரியும் தம்பி. பாத்ரூம் வேலைக்கு வாற ஆக்களுக்கு மத்தியானம் சாப்பாடு குடுக்கவேணுமெல்லே? மாசக்கணக்காச் செய்யிறாங்கள். அரிசி விக்கிற விலையில நீ என்ன செய்வாய்? அதுதான் மகனிட்டச் சொல்லிக் கூடப் போடுவிச்சனான்."

அவருடைய பேச்சுக்குப் பின்னால் பஸ் ஹோர்னும் யாரோ சிங்களத்தில் சத்தம் போடுவதும் கேட்டன. பரந்தனில் அப்படிக் கேட்காது.

"அக்கா, நீங்கள் இப்ப எங்க நிக்கிறியள்?"

"கொழும்பிலதான், கொட்டாஞ்சேனையில. ஒரு லொட்ஜில. அத்தானுக்குக் கண்ணுக்குள்ள ஏதோ திரை கழண்டுபோச்செண்டு அவசரமா ஒப்பரேஷன் செய்தவை. அஞ்சு நாளாச்சு. இன்னும் ஒரு கிழமை கிளினிக்குக் காட்டவேணும். உங்கட வீடு உடைஞ்சு கிடக்கேக்க அதுக்குள்ள வந்து கரைச்சல் குடுக்கக் கூடாதெண்டுதான் சொல்லேல்லை. கோவிக்காதை."

கோவிக்காதே என்று என்னிடம் சொல்கிறார். நான் மூட்டையின்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மனைவி என் முகத்தைப் பார்த்து, போனை வாங்கி, லொட்ஜின் பெயரைக் கேட்டுக் கையில் எழுதிக்கொண்டாள். ஐந்து நிமிடத்தில் சேலை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள். அலுவலகத்துக்கு இன்று வரமாட்டேன் என்று ஒரு செய்தி அனுப்பினேன். காரணம் எழுதவில்லை.

ஒரு வாடகைக் காரைப் பிடித்தோம். காலி வீதியால் கோட்டைக்குப் போய், என் அலுவலகத்தைத் தாண்டி, புறக்கோட்டை நெரிசலுக்குள் ஊர்ந்துகொண்டிருந்தபோது எனக்கு அந்த வரிசை நாட்கள் ஞாபகம் வந்தன. கொழும்பில் அரிசி வாங்குவதே பெரிய காரியமாக இருந்த அந்த மாதங்களில், பஸ் ஓடிய நாட்களில் எல்லாம் அக்காவின் மூட்டை வந்தது. எங்கள் பானை ஒருநாளும் வற்றவில்லை. மேல்மாடியில் இருந்த இரண்டு குடும்பங்களுக்கும் கொடுத்தோம். வட்டி எவ்வளவு ஏறியது என்று நாளுக்கு நாள் குறித்துவைத்த நான், அந்த அரிசியைச் சாப்பிட்டேனே தவிர நினைத்தும் பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது. அதைவிட வேறு சொல் எனக்குத் தெரியவில்லை.

"அங்க போய் நீங்கள் வாயைத் திறக்காதேங்கோ," என்றாள் மனைவி. "நான் கதைக்கிறன்."

லொட்ஜின் படிக்கட்டு செங்குத்தாக இருந்தது. இரண்டாம் மாடியில் ஆறு அறைகள், அந்த ஆறுக்கும் சேர்த்து நடையின் கோடியில் ஒரே ஒரு குளியலறை. வாளியோடு மூன்று பேர் வரிசையில் நின்றார்கள். அறைக்குள் அத்தான் கட்டிலில் குப்புறப் படுத்திருந்தார். கண்ணுக்குள் ஏதோ வாயு அடைத்து விட்டிருக்கிறார்களாம். அந்தத் திரை ஒட்டும்வரை முகத்தைக் கீழேயே வைத்திருக்கவேண்டும், சாப்பிடும்போதும் நடக்கும்போதும்கூடத் தலை நிமிரக் கூடாது என்பது டொக்டரின் கட்டளை. நெற்றிக்கு ஒரு துவாயைச் சுருட்டி வைத்து, மூச்சுவிட இடைவெளி விட்டிருந்தார் அக்கா. அந்த மனிதரை இந்தக் கோலத்தில் கையில் பிடித்துக்கொண்டுதான் நாளுக்கு நாலு தடவை அந்த வரிசையில் நின்றிருக்கிறார்.

"ஆரது?" என்றார் அத்தான் தலையணைக்குள்ளிருந்து.

"தம்பியும் மச்சாளும் வந்திருக்கினம்," என்றார் அக்கா.

"அப்பிடியே! பாத்ரூம் வேலை முடிஞ்சுதோ தம்பி?"

நான் சுவரைப் பார்த்தேன்.

"ஓம் அண்ணை," என்றாள் என் மனைவி, ஒரு கண்கூட இமைக்காமல். "நேற்றுத்தான் முடிஞ்சுது. அதுதான் கூட்டிக்கொண்டு போக வந்தனாங்கள். வெளிக்கிடுங்கோ."

முப்பது வருடத் திருமண வாழ்க்கையில் அவள் எனக்காகச் சொன்ன முதல் பொய் அது. என் பொய்யை அவள் ஒருநாளும் ஆமோதித்ததில்லை. அன்று என்னைக் காப்பாற்றுவதற்காக அதை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டாள். அந்த நன்றி எனக்கு இன்றுவரை தீரவில்லை.

காரின் பின் ஆசனத்தில் அத்தானின் தலையை அக்கா மடியில் குப்புற வைத்துக்கொண்டார். வெள்ளவத்தை வரும்வரை எனக்கு ஒரே ஒரு யோசனைதான். வீட்டுக்குப் போனதும் அக்கா குளியலறைக்குப் போவார். அங்கே இருபது வருடத்துப் பழைய பச்சை டைல் இருக்கிறது. மூலையில் ஒன்று வெடித்து, நான் வெள்ளைச் சீமெந்து பூசிய தழும்போடு இருக்கிறது. ஒழுகும் குழாயில் ஒரு துணி சுற்றிக் கட்டியிருக்கிறது. இந்த வீட்டுக்கு முப்பது தடவையாவது வந்துபோன மனுசிக்கு அந்தத் தழும்பு மனப்பாடமாகத் தெரியும்.

அத்தானை மகளின் அறையில் படுக்கவைத்ததும் அக்கா துவாயை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். கதவைச் சாத்தினார். நான் ஹோலில் நின்றேன். உட்காரத் தோன்றவில்லை. தண்ணீர் விழும் சத்தம் வெகுநேரம் கேட்கவில்லை. பிறகு கேட்டது. ஒரு பத்து நிமிடம் கழித்துக் கதவு திறந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்த அக்கா என்னைப் பார்த்தார். அவருடைய முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லை.

"வடிவாச் செய்திருக்கிறாங்கள் தம்பி," என்றார்.

அவ்வளவுதான். சமையலறைக்குள் போய் மனைவியோடு வெங்காயம் உரிக்க உட்கார்ந்துவிட்டார். ஏன் பொய் சொன்னாய் என்று கேட்டிருந்தால் நான் எதையாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். அவர் கேட்கவில்லை. அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. வேறு யாரிடமும் சொன்னதாகவும் தெரியவில்லை, ஏனென்றால் டொரொன்டோ மாமா அடுத்த கிழமையும் டைலைப்பற்றித்தான் விசாரித்தார்.

அவர்கள் பதினொரு நாள் நின்றார்கள். அதில் நாலு நாள் நான் லீவு போட்டு வீட்டில் இருந்தேன். குப்புறப் படுத்திருக்கும் மனிதருக்கு நேரம் போகாது. நான் தரையில் பாய் போட்டு கட்டில் விளிம்பில் கவிழ்ந்திருக்கும் அவர் முகத்துக்குக் கீழே மல்லாந்து படுத்துக்கொண்டு பத்திரிகை வாசிப்பேன். அப்போதுதான் இருவரும் முகம் பார்த்துக் கதைக்க முடியும். நெல் விலையை வாசித்தால் அரசாங்கத்தைத் திட்டுவார். கிரிக்கெட்டை வாசித்தால் தெரிவுக் குழுவைத் திட்டுவார். நான் வேண்டுமென்றே எதிர்ப்பக்கம் எடுத்துக் கதைப்பேன். பத்து மணிக்கு அக்கா எங்கள் இருவருக்கும் தேத்தண்ணி கொண்டுவருவார். அத்தானுக்கு ஸ்ட்ரோ போட்டு. வேலை நாளில் காலை பத்து மணிக்கு வீட்டுக்குள் வெயில் எந்தப் பக்கத்தால் வரும் என்பதை அந்த நாலு நாளில்தான் கண்டேன். ரயில் போகும் சத்தம் கேட்கும், நான் அதில் இல்லை. ஓய்வு இப்படித்தான் இருக்குமென்றால் எனக்கு நல்ல விருப்பம் என்று நினைத்தேன். யாரும் வராத அந்த மூன்று மாதத்து வீட்டில் ஓய்வெடுத்திருந்தால் இரண்டாம் கிழமையே அலுவலகத்துக்குத் திரும்பி ஓடியிருப்பேன்.

அவர்கள் போனபிறகு கொப்பியை மறுபடி எடுத்தேன். இந்தமுறை நியாயமாக எழுதுவது என்று இரண்டு பக்கமும் கோடு போட்டேன். போனது ஒருபக்கம், வந்தது மறுபக்கம். அரிசிக்குக் கடை விலை போட்டேன். தூளுக்குப் போட்டேன். சேர்ட்டுகளுக்குப் போட்டேன். பெருமையோடு மனைவிக்குக் காட்டினேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தாள். அவளுக்கு முகம் மாறியது.

"மச்சாள் தந்த அரிசிக்கு விலை போட்டிருக்கிறியள்."

"கணக்கெண்டால் போடத்தானே வேணும். நீர்தானே எல்லாத்தையும் எழுதச் சொன்னனீர்?"

"எழுதச் சொன்னது நீங்கள் காணவேணும் எண்டு. விலை போடச் சொல்லி இல்லை. விலை போட்டால் நாளைக்கு அவை அரிசி கொண்டுவராமல் வந்தால் முகத்தைப் பாப்பியளோ, கையைப் பாப்பியளோ?"

நான் பேனாவை எடுத்து அந்தப் பக்கத்தைக் குறுக்கே கோடு கீறி அடித்துவிட்டேன். அப்படியானால் எவ்வளவு இருந்தால் போதும் என்று அவளையே கேட்டேன். என்னிடம் அத்தனை பேர் கேட்ட கேள்வியை நான் முதல் தடவையாக இன்னொருவரிடம் கேட்டேன். அவள் தாராளமாகக் காணும் என்று சொல்லவில்லை. யோசித்தாள்.

"அம்பத்தஞ்சு வயசு மட்டும் வேலைக்குப் போங்கோ," என்றாள். "சேமலாப நிதிக் காசும் கைக்கு வந்திடும். துண்டு விழுந்தால் நாங்கள் ரெண்டு பேரும் இறுக்கிப் பிடிப்பம். வாறவை வந்துபோகட்டும். காணும்."

நான் போனேன். லாச்சியில் இருந்த கடிதத்தைக் கிழித்துவிட்டு இன்னும் இரண்டு வருடம் அதே ரயிலில் தொங்கினேன். 'அர்ஜன்ட்' மேலதிகாரியோடும் ஒருமாதிரி ஒத்துப்போய்விட்டது. கடைசி நாளில் என் பணிக்கொடைத் தாளை அவர்தான் மேசைக்குக் கொண்டுவந்தார், நாலு நாள் தாமதமில்லாமல். கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை உடனே திருப்பிக் கொடுத்தேன். எதையும் கேட்கவில்லை.

இப்போது நாலு மாதமாக வீட்டில் இருக்கிறேன். காலை எட்டு மணிக்கு அந்தக் கருங்கற்களில் உட்கார்ந்து, ரயிலில் தொங்கிக்கொண்டு போகிறவர்களைப் பார்க்கிறேன். வீட்டுக்கு வந்தால் அநேகமாக மேசையில் யாராவது இருக்கிறார்கள். வயரிங் மருமகன் வந்து விசிறியைப் பூட்டிவிட்டுப் போனான். போதும் என்று நாங்கள் முடிவுசெய்த காசில் முதல் மாதமே ஒரு பெரிய துண்டு கரைந்துவிட்டது. அது எந்தக் கணக்கிலும் இருக்கவில்லை. ஒரு டைல் பாஸையும் அவருடைய இரண்டு ஆட்களையும் பிடித்து, குளியலறையை உண்மையாகவே உடைத்தேன். வேலை நடந்த நாலு நாளும் நாங்கள் பக்கத்து வீட்டில் உண்மையாகவே குளித்தோம். மெல்லிய சாம்பல் நிறம், வழுக்காத டைல். குழாயையும் மாற்றினேன்.

போன மாதம் அத்தானின் கண்ணைக் காட்ட இருவரும் வந்தார்கள். விடியற்காலை பஸ்ஸால் இறங்கி, தலை நிமிர்ந்து நடந்து வந்தார் அத்தான். பின்னால் ஓட்டோவில் மூட்டை வந்தது. அக்கா வந்த களையோடு துவாயை எடுத்துக்கொண்டு நேரே குளிக்கப் போனார். நான் ஹோலில் பத்திரிகையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன். தண்ணீர் விழும் சத்தம் வெகுநேரம் கேட்கவில்லை. பிறகு கேட்டது.

தலையைத் துவட்டியபடி வெளியே வந்து என் கதிரைக்கு முன்னால் நின்றார்.

"தம்பி."

"என்னக்கா?"

"இந்தமுறை வேலைக்கு வந்த ஆக்களுக்கும் மத்தியானம் சாப்பாடு குடுத்தனீங்களோ?"

சமையலறையில் மனைவி சிரிப்பை அடக்குவது கேட்டது. நான் பத்திரிகையைக் கீழே வைத்தேன்.

"ஓம் அக்கா," என்றேன். "நாலு நாளும் குடுத்தனாங்கள். உங்கட அரிசிதான்."